ஒமாஹா போக்கர்: 44 சீட்டில் எத்தனை நம்முடையது?

மணிமங்கலம் பக்கம் கம்பெனி பஸ் ஏறுகிற பசங்க தங்கியிருக்கும் ரூம்களில் ரம்மி தெரியாதவர் குறைவு. மூணு சீட்டும் அப்படித்தான். கடந்த சில வருஷங்களில் செல்போன் வழியாகப் போக்கரும் உள்ளே வந்தது. முதலில் ஹோல்டெம், அப்புறம் அதன் நாலு சீட்டுத் தம்பியான பாட்-லிமிட் ஒமாஹா. இதில் எப்போது பெட் பண்ணுவது, எப்போது கால் பண்ணுவது என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். இது காசு சம்பாதிக்க வழி சொல்லும் பதிவு இல்லை. கணக்கு என்ன சொல்கிறது, அந்தக் கணக்கு எங்கே போய் முட்டுகிறது என்பதற்கான குறிப்பு.

ஆட்டம் சுருக்கமாக

ஒவ்வொருவர் கையிலும் நாலு சீட்டு. மேசையில் பொதுவாக ஐந்து சீட்டு வரும்: முதலில் மூன்று (ஃபிளாப்), பிறகு ஒன்று (டர்ன்), கடைசியாக ஒன்று (ரிவர்). ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சுற்று பந்தயம். கடைசியில் கையிலிருந்து சரியாக இரண்டு, மேசையிலிருந்து சரியாக மூன்று சேர்த்து ஐந்து சீட்டுக் கை காட்ட வேண்டும். "சரியாக" என்பதை இரண்டு முறை படியுங்கள். மேசையில் நாலு ஆர்ட்டின் கிடந்து, உங்கள் கையில் ஒரே ஒரு ஆர்ட்டின் இருந்தால் உங்களிடம் ஃபிளஷ் கிடையாது. ஹோல்டெமிலிருந்து வருகிறவர்கள் முதலில் இடறுவது இங்கேதான்.

நாலு சீட்டிலிருந்து இரண்டை 6 விதமாக எடுக்கலாம். ஹோல்டெமில் ஒருவரிடம் ஒரு ஜோடி என்றால், இங்கே ஆறு ஜோடி. எதிரே நாலு பேர் உட்கார்ந்திருந்தால் 24 ஜோடி. ஆகவே மேசையில் எந்தப் பெரிய கை சாத்தியமோ, அது யாரிடமாவது இருக்க வாய்ப்பு அதிகம். ஒமாஹாவில் மற்ற எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

பாட் அளவு என்றால்

நடுவில் கிடக்கும் பணம்தான் பாட். அதற்கு மேல் யாரும் பெட் வைக்க முடியாது. பாட்டில் ₹300 இருக்கிறது, ஒருவர் முழுசாக ₹300 வைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் ஏற்ற நினைத்தால் முதலில் அவருடைய 300-ஐக் கட்டியதாகக் கணக்கு. இப்போது பாட் 900. அதே அளவு, அதாவது 900 வரை, மேலே ஏற்றலாம். ஆக மொத்தம் உங்கள் கையிலிருந்து 1,200. சுலபமான வழி: கடைசிப் பந்தயத்தை மூன்றால் பெருக்கி, அதற்கு முன்பிருந்த பாட்டைக் கூட்டுங்கள். 3 × 300 + 300 = 1,200.

ஒவ்வொரு கட்டத்திலும் முழு பாட் வைத்துக்கொண்டே போனால் பணம் மூன்று மடங்கு, ஒன்பது மடங்கு என்று ஊதும். ஃபிளாப்பில் ₹100 கிடந்த இடத்தில், இருவர் மட்டும் கட்டிக்கொண்டு போனாலும் ரிவர் முடியும்போது ₹2,700. "இது ஒண்ணுதானே" என்று கட்டுகிற முதல் கால்தான் பின்னால் வரும் பெரிய கால்களுக்கு வாசல்.

கால் பண்ண எத்தனை சீட்டு வேண்டும்?

பாட்டில் 300, எதிராளி 300 வைக்கிறார். நீங்கள் 300 கட்டினால் மொத்தம் 900. நீங்கள் போடுவது அதில் மூன்றில் ஒரு பங்கு. எனவே நூற்றுக்கு 33.3 தடவைக்கு மேல் ஜெயித்தால்தான் கால் லாபம். அவர் பாதி பாட், அதாவது 150 வைத்தால் நீங்கள் 150 கட்ட, மொத்தம் 600. தேவை 25%.

இதைச் சீட்டாக மாற்றுவோம். டர்ன் வந்த பிறகு உங்கள் கையில் 4, மேசையில் 4, ஆக 8 சீட்டு பார்த்தாகிவிட்டது. மிச்சம் 44. உங்களை ஜெயிக்க வைக்கும் சீட்டுகளை எண்ணி 44-ஆல் வகுத்தால் போதும்.

- பாதி பாட் பந்தயத்துக்கு எதிராக: 44-இல் 11 சீட்டு (சரியாக 25%).
- முழு பாட் பந்தயத்துக்கு எதிராக: 44-இல் 15 சீட்டு (34.1%).

இந்த 11, 15 இரண்டையும் மனப்பாடம் பண்ணிக்கொண்டால் டர்னில் பாதிக் குழப்பம் தீரும்.

எண்ணிய சீட்டெல்லாம் நல்ல சீட்டு இல்லை

ஒரு உதாரணம். உங்கள் கையில் ஆர்ட்டின் ஏஸ், ஆர்ட்டின் 6, ஸ்பேட் ஜாக்கி, கிளாவர் 10. மேசையில் ஆர்ட்டின் ராஜா, ஆர்ட்டின் 8, டைமண்ட் 3, ஸ்பேட் 2. ரிவரில் இன்னொரு ஆர்ட்டின் வந்தால் ஏஸ் தலைமையில் ஃபிளஷ். 13 ஆர்ட்டினில் 4 கண்ணுக்குத் தெரிகிறது, மிச்சம் 9. 9/44 என்றால் 20.5%. முழு பாட் பந்தயத்துக்கு இது போதாது. ஒவ்வொரு முறை 300 கட்டும்போதும் சராசரியாக ₹116 போகிறது.

"ஃபிளஷ் வந்தா அவன்கிட்ட இன்னும் வாங்கிடலாம்ல?" என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான். ஃபிளஷ் விழும்போதெல்லாம் ரிவரில் சராசரியாக இன்னும் ₹567 வாங்கினால் கணக்கு சமனாகும். பாட்டில் அப்போது 900 இருக்கும். அதில் 567 என்பது நடக்கக்கூடியதுதான், எதிராளி அசடாக இருந்தால். ஆனால் மூன்றாவது ஆர்ட்டின் மேசையில் விழுவதை அவரும்தான் பார்க்கிறார்.

இன்னொன்றும் உண்டு. அவரிடம் இரண்டு ராஜா இருந்து, மேசை ராஜாவோடு சேர்ந்து மூன்று ராஜா ஆகியிருந்தால்? ரிவரில் ஆர்ட்டின் 2 அல்லது ஆர்ட்டின் 3 வந்தால் உங்களுக்கு ஃபிளஷ், ஆனால் மேசையில் ஜோடி விழுந்து அவருக்கு ஃபுல் ஹவுஸ். அந்த இரண்டு சீட்டும் உங்களுடையது மாதிரி தெரியும், உண்மையில் அவருடையது. 9 என்று எண்ணியது 7 ஆகிறது. 7 சீட்டுக்குக் கணக்குப் போட்டால், ஜெயிக்கும்போதெல்லாம் கூடுதலாக ₹986 வேண்டும். நீங்கள் ரிவரில் முழு பாட் 900 வைத்து, அவர் ஒவ்வொரு முறையும் கண்ணை மூடிக்கொண்டு கட்டினாலும் பற்றாது.

இதே கையில் ஆர்ட்டின் ஏஸுக்குப் பதில் ஆர்ட்டின் ராணி இருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஃபிளஷ் கிடைக்கும், ஏஸ் வைத்திருப்பவர் முழுசாக வாங்கிக்கொள்வார். ஒமாஹாவில் பெரிய பணம் போவது மட்டமான கையால் அல்ல, இரண்டாவது சிறந்த கையால்.

எப்போது நாமே பெட் பண்ணலாம்?

கால் பண்ணினால் ஜெயிக்க ஒரே வழி, நல்ல கை காட்டுவது. பெட் பண்ணினால் இரண்டு வழி: எதிராளி பேக் ஆகலாம், அல்லது நல்ல கை காட்டலாம். வித்தியாசத்தை எண்ணில் பார்ப்போம்.

டர்னில் உங்களுக்குச் சுத்தமான 15 சீட்டு இருக்கிறது, பாட்டில் 300. அவர் 300 வைத்து நீங்கள் கட்டினால் சராசரி லாபம் ₹7 கூட இல்லை. கிட்டத்தட்ட சமன். அதே இடத்தில் நீங்கள் 300 வைத்து அவர் கட்டினாலும் அதே ₹7தான். ஆனால் அவர் பேக் ஆனால் 300 முழுசாக உங்களுக்கு. அதே சீட்டு, அதே பணம், முன்கை யாருடையது என்பதில்தான் வேறுபாடு.

அதற்காக எப்போதும் அடிக்கக் கூடாது. நீங்கள் கடைசியாகப் பேசுபவர், அவர் பெட் வைக்காமல் விட்டுவிட்டார் என்றால், நீங்களும் விட்டால் ரிவர் இலவசம். 15 சீட்டோடு அந்த இலவச ரிவருக்கு மதிப்பு ₹102. அதை விட்டுவிட்டு பெட் வைப்பது லாபமாக வேண்டுமானால் அவர் மூன்றில் ஒரு முறையாவது பேக் ஆக வேண்டும். ஆகாத ஆள் என்று தெரிந்தால் இலவசச் சீட்டை வாங்கிக்கொள்வதே மேல்.

கையில் ஒன்றுமே இல்லாமல், பிறகு முன்னேறவும் வழியில்லாமல் முழு பாட் வைத்தால் பாதிக்கு மேல் அவர் பேக் ஆக வேண்டும். அதற்கு ஒமாஹாவில் ஒரு நல்ல ஆயுதம் உண்டு. மேசையில் மூன்று ஆர்ட்டின், உங்களிடம் ஆர்ட்டின் ஏஸ் மட்டும் இருக்கிறது, வேறு ஆர்ட்டின் இல்லை. உங்களிடம் ஃபிளஷ் இல்லை. ஆனால் உச்ச ஃபிளஷ் யாரிடமும் இருக்க முடியாது, அந்த ஏஸ் உங்கள் கையில் இருப்பதால். இதைத் தடுப்புச் சீட்டு என்று சொல்லலாம். ராணி ஃபிளஷ் வைத்திருப்பவருக்கு அது தெரியாது, பயப்படுவார். ஆனால் பயப்படத் தெரிந்த ஆளிடம்தான் இது வேலை செய்யும்.

மேசைக்காரன் கமிஷன்

இதுவரை போட்ட கணக்கில் பணம் ஆடுபவர்களுக்குள்ளேயே சுற்றியது. காசு வைத்து ஆடவிடும் தளங்கள் ஒவ்வொரு பாட்டிலும் கமிஷன் எடுக்கும், அதற்கு ரேக் என்று பெயர். 5% என்று வைத்துக்கொள்வோம். 900 பாட்டில் 45 போய்விட்டால் ஜெயித்தவருக்கு 855. இப்போது 300 கட்ட 35.1% வேண்டும். 15 சீட்டு தருவது 34.1%தான். ₹7 லாபமாக இருந்த கால் ₹8.50 நஷ்டமாக மாறுகிறது. தப்பே பண்ணாமல், சரியாக எண்ணி, சரியாக ஆடி, நஷ்டம்.

இதன் மேல் வரி. 2023 அக்டோபர் 1 முதல் போடும் முழுப் பணத்துக்கும் 28% ஜிஎஸ்டி வந்தது. அப்போது ₹1,000 போட்டால் அதில் ₹218.75 வரியாகப் போனது, ஆட மிஞ்சியது ₹781.25. அதே வருஷம் ஏப்ரல் முதல் நிகர வெற்றிப் பணத்தில் 30% பிடித்தமும் உண்டு.

ஏற்ற இறக்கம் தனி. 100 கைக்கு 5 பிளைண்ட் சம்பாதிக்கும் நல்ல ஆட்டக்காரர் என்றே வைத்துக்கொள்வோம். ஒமாஹாவில் 100 கைக்கு 140 பிளைண்ட் அளவு ஊசலாட்டம் என்று எடுத்தால், 10,000 கை ஆடிய பிறகும் அவர் நஷ்டத்தில் இருக்கச் சுமார் 36% வாய்ப்பு. மூன்று மாதம் தோற்றவருக்கு, தான் மோசமான ஆட்டக்காரரா, துரதிர்ஷ்டசாலியா என்றே தெரியாது.

"திறமை ஆட்டம்னு கோர்ட்டே சொல்லிருச்சே, அண்ணா"

ரூம் தம்பி ஒருவர் கேட்டது இது. பாதி உண்மை. ரம்மி முக்கியமாகத் திறமை ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1968-இல் சொன்னது. குதிரைப் பந்தயம் பற்றிய தமிழ்நாட்டு வழக்கான கே.ஆர். லட்சுமணன் வழக்கில் 1996-இல் அதே அளவுகோல் வந்தது. தமிழ்நாடு 2021-இல் போட்ட தடையை உயர் நீதிமன்றம் அதே ஆண்டு ஆகஸ்டில் ரத்து செய்தது. நீதிபதி கே. சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பிறகு வந்த 2022 சட்டத்தை 2023 நவம்பரில் நிலைநிறுத்தி, ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டப் பட்டியலில் சேர்த்ததை மட்டும் நீக்கியது. நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை ஆடக் கூடாது என்ற விதியை 2025 ஜூனில் ஏற்றுக்கொண்டது. பிறகு ஒன்றிய அரசின் சட்டத்துக்கு 2025 ஆகஸ்ட் 22-இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது. திறமையோ அதிர்ஷ்டமோ, காசு வைத்த ஆன்லைன் ஆட்டம் எதையும் நடத்தக் கூடாது என்கிறது அது. பெரிய தளங்கள் காசு ஆட்டத்தை நிறுத்தின.

தம்பிக்கு நான் சொன்னது இதுதான். திறமை இருக்கு, மறுக்கல. ஆனா திறமைங்கறது உனக்கும் எதிர்ல உக்காந்தவனுக்கும் நடுவுல உள்ள கணக்கு. கமிஷன் உங்க ரெண்டு பேர்கிட்டயும் எடுக்கறது. உனக்கு 15 சீட்டு இருந்தும் நஷ்டம் வர்ற இடத்துல, "நான் நல்லா ஆடுறேன்"ங்கறது சம்பளத்துக்கு உதவாது. இப்போதும் யாராவது வெளிநாட்டுத் தளத்தின் லிங்க் அனுப்பி ஆடக் கூப்பிட்டால், பணம் திரும்ப வராவிட்டால் எங்கே போய்க் கேட்பாய் என்பதையும் சேர்த்து யோசி.

கணக்கு பிடித்தவர்கள் ஒரு கட்டுச் சீட்டும் ஒரு கிண்ணம் புளியங்கொட்டையும் எடுத்து ஆடிப் பாருங்கள். டர்னில் நிறுத்தி, உங்களுடைய சீட்டை எண்ணி ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு எல்லோர் கையையும் திறந்து, அதில் எத்தனை நிஜமாகவே உங்களுடையது என்று அடித்துத் திருத்துங்கள். இருபது கை பார்த்தால் போதும், 9 எப்படி 7 ஆகிறது என்று விரலுக்கே தெரிந்துவிடும். அடுத்த குறிப்பில் ஐந்து சீட்டு ஒமாஹாவில் இந்த எண்கள் எப்படி மாறுகின்றன என்று பார்ப்போம்.