ஏலாக்குறிச்சிக்கு வந்த இத்தாலியரும் ஜெர்மனிக்குக் கிளம்பும் நர்ஸ்களும்!

அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடத்துக்கு வடகரையில் இருக்கிறது ஏலாக்குறிச்சி. சுமார் 300 ஆண்டுகளுக்கு முன் இந்த ஊரில் தங்கிப் பணியாற்றிய இத்தாலியப் பாதிரியார் ஒருவர், 30 வயதை ஒட்டித்தான் தமிழ் படிக்கவே தொடங்கினார். பிறகு 'தேம்பாவணி' பாடினார், 'சதுரகராதி' தொகுத்தார். எ - ஏ, ஒ - ஓ வேறுபாட்டை நாம் இன்று எழுதும் முறைக்கும் அவர்தான் காரணம். பெயர், வீரமாமுனிவர்.

இப்போது பயணம் எதிர்த்திசையில். பெரம்பலூர், அரியலூர் பக்கம் வெளிநாடு என்றாலே துபாய், சிங்கப்பூர்தான் என்றிருந்த காலம் மாறி, நர்ஸிங் முடித்தவர்கள் ஜெர்மனியைப் பற்றி விசாரிக்கிறார்கள். திறன்மிகு இந்தியர்களுக்கான விசாவை ஆண்டுக்கு 20,000-லிருந்து 90,000 ஆக உயர்த்துவதாக 2024-ல் ஜெர்மனி அறிவித்தது. முதியவர்கள் பெருகிவிட்ட அந்த நாட்டில் நர்ஸ்களுக்குப் பெரும் தட்டுப்பாடு.

ஆனால், வாசலில் நிற்பது மொழி. நர்ஸாக அங்கீகாரம் பெற ஜெர்மன் மொழியில் பொதுவாக 'பி2' தேர்ச்சி வேண்டும். மொத்தம் ஆறு படிகளில் இது நான்காவது. வலியில் முனகும் பாட்டி சொல்வது புரிய வேண்டும். டாக்டர் போனில் சொல்லும் மருந்தின் அளவைத் தப்பில்லாமல் குறித்துக்கொள்ள வேண்டும். இதில் சமாளிப்புக்கு இடமே இல்லை.

ஒரு ஆறுதல். 'நீ', 'நீங்கள்' வித்தியாசம் ஜெர்மனிலும் உண்டு. பல வாக்கியங்களில் வினைச்சொல் தமிழைப்போலவே கடைசியில் வரும். படுத்துவது பெயர்ச்சொற்களின் பால்தான். மேஜை ஆண்பாலாம், சிறுமியைக் குறிக்கும் சொல்லோ ஆண்பாலும் இல்லை, பெண்பாலும் இல்லை!

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. 'ஜெர்மனி விசா இருந்தால் ஐரோப்பா முழுக்க வேலை பார்க்கலாம்' என்று பலரும் நம்புகிறார்கள். 27 நாடுகளிலும் தடையின்றிக் குடியேறி வேலை பார்க்கும் உரிமை ஐரோப்பிய ஒன்றியத்தின் குடிமக்களுக்கானது. ஜெர்மனியில் வசிக்க அனுமதி பெற்ற நம்மவர், மற்ற ஷெங்கன் நாடுகளுக்கு 180 நாள்களில் 90 நாள்கள் வரை சுற்றிப்பார்க்கப் போகலாம், அவ்வளவுதான். அங்கே வேலை என்றால் அந்த நாட்டின் அனுமதி தனியாக வேண்டும். ஜெர்மன் பேசும் ஆஸ்திரியாவுக்கும் இதே கதைதான். பிரான்ஸ் என்றால் மொழியையும் முதலிலிருந்து படிக்க வேண்டும்.

'மொழியெல்லாம் அங்கே போய்க் கத்துக்கலாம்' என்று சொல்லிப் பணம் கேட்கும் ஏஜென்ட்டுகளிடம்தான் நிலமும் நகையும் போகின்றன. பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணமே 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி-யும்தான். பதிவு எண்ணை மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் சரிபார்க்கலாம். 1978-ல் தொடங்கப்பட்ட தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம், நர்ஸ்களுக்கான ஜெர்மன் பயிற்சி அறிவிப்புகளைத் தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. பணம் கட்டும் முன் அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.