கொடிமலையின் குளிரும் தீபாவளி மழையும்

பினாங்குக் கொடிமலைக்கு இரயிலில் ஏறிச் செல்லும் சிறுவர்கள் பெற்றோரிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இவ்வளவு குளிர்கிறதே, இங்கே ஏன் பனி கொட்டுவதில்லை?" சிரித்துக்கொண்டே கடந்து போகிறோம். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் தேடினால், பினாங்கின் வெயிலும் மழையும் எப்படி நடக்கின்றன என்பது முழுவதும் விளங்கிவிடும்.

முதலில் குளிரைப் பார்ப்போம். மலை உயர்ந்திருப்பதால் அது சூரியனுக்கு அருகில்தானே இருக்கிறது, அங்கு வெப்பம் கூட வேண்டாமா என்று நினைப்பவர்களும் உண்டு. சூரியன் காற்றை நேரடியாகச் சூடாக்குவது மிகக் குறைவு. அது நிலத்தையும் கடலையும் சூடாக்குகிறது. அவை காற்றைச் சூடாக்குகின்றன. அந்தச் சூடான காற்று மேலே எழும்பும்போது, மேலே அழுத்தம் குறைவு என்பதால், விரிந்து குளிர்ந்துவிடுகிறது. சராசரியாக 1,000 மீட்டர் உயரத்திற்கு ஏறத்தாழ 6.5 பாகை செல்சியஸ் குறையும். கொடிமலையின் இரயில் நிலையம் இருக்கும் பகுதி ஏறத்தாழ 700 மீட்டர் உயரம். அதன் மிக உயர்ந்த சிகரமான மேற்கு மலை 833 மீட்டர். ஆகவே ஜார்ஜ்டவுனில் 32 பாகை கொளுத்தும்போது மேலே 27 பாகைதான். ஐந்தே பாகை வேறுபாடு. முன்பு இடையில் வண்டி மாறி, அரை மணி நேரம் மெதுவாக ஏறிய பயணம், 2011-இல் புதிய இரயில் வந்தபின் சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. உடல் பழகுவதற்குள் மேலே போய்விடுகிறோம். அதனால் குளிர் கூடுதலாகத் தெரிகிறது.

இந்த ஐந்து பாகைக்காகத்தான் வெள்ளைக்காரர்கள் மலையேறினார்கள். 1786-இல் தீவில் கால் வைத்த பிரான்சிஸ் லைட், இரண்டே ஆண்டுகளில் மலைக்கு ஒரு குதிரைப்பாதை வெட்டச் செய்து, மேலே ஸ்ட்ராபெரி பயிரிட்டார். காய்ச்சலில் மடிந்துகொண்டிருந்த கம்பெனி அதிகாரிகள் உடல் தேற மலை பங்களாக்களில் தங்கினர். ஜான் சல்லிவன் 1819-இல்தான் நீலகிரிக்கு ஏறினார். அப்படிப் பார்த்தால் நம் கொடிமலை ஊட்டிக்கு மூத்தது! கப்பல் வருகையை அறிவிக்கக் கொடியேற்றிய இடம் என்பதால்தான் அதற்குக் கொடிமலை, புக்கிட் பெண்டேரா என்ற பெயர். 1923-இல் ஓடத் தொடங்கிய மலை இரயில், சாதாரண மக்களுக்கும் அந்தக் குளிரைத் திறந்துவிட்டது.

சரி, பனிக்கு வருவோம். தமிழில் பனி என்ற ஒரே சொல் புல்லின்மேல் திரளும் துளிக்கும், கண்ணை மறைக்கும் மூட்டத்திற்கும், இமயத்தில் கொட்டும் வெண்பனிக்கும் வழங்குகிறது. கொடிமலையில் நாம் காண்பது மூட்டம். கடற்காற்று மலைச்சரிவில் மோதி மேலே ஏறும்போது அதிலுள்ள ஈரம் குளிர்ந்து மேகமாகிறது. கீழிருந்து பார்ப்பவருக்கு அது மேகம். மேலே நிற்பவருக்கு அதுவே பனி. தண்ணீர் உறைய 0 பாகை வேண்டும். வெப்ப மண்டலத்தில் அந்த நிலை ஏறத்தாழ 4,500 முதல் 5,000 மீட்டர் உயரத்தில்தான் தொடங்குகிறது. 4,095 மீட்டர் உயரமுள்ள கினாபாலு மலையே அதற்குக் கீழேதான் நிற்கிறது. கேமரன் மலையில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 1978 பிப்ரவரி 1-ஆம் தேதி 7.8 பாகை.

அப்படியானால் ஏறத்தாழ 2,240 மீட்டரே உள்ள ஊட்டியில் மட்டும் எப்படி உறைபனி விழுகிறது? அங்கு டிசம்பர், ஜனவரியில் வானம் மேகமின்றித் தெளிந்து, காற்றும் அசையாமல் நிற்கும் இரவுகளில், நிலம் தன் வெப்பத்தையெல்லாம் வானத்தில் விட்டுவிடுகிறது. விடியும்போது புல்தரை வெளுத்துக் கிடக்கும். தேயிலைக் கொழுந்து கருகும். பினாங்கிலோ சுற்றிலும் கடல், காற்றில் எப்போதும் ஈரம். அந்த ஈரமே இரவில் போர்வையாகி வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது.

இனி மழை. நம் முன்னோர் ஆண்டை ஆறு பருவமாகப் பிரித்தார்கள். மார்கழியும் தையும் முன்பனி. சித்திரையும் வைகாசியும் இளவேனில். அது தமிழகத்திற்குப் பொருந்தும் கணக்கு. பினாங்கில் சித்திரை பிறந்தால் இடி மின்னலோடு மழை! ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் இங்கு சராசரியாக மாதத்திற்கு 70 மில்லிமீட்டர் அளவே மழை பெய்கிறது. செப்டம்பர், அக்டோபரிலோ ஒவ்வொரு மாதமும் 350 மில்லிமீட்டரைத் தாண்டும்.

காரணம் பினாங்கின் இருப்பிடம். நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று கிளந்தானிலும் திரங்கானுவிலும் வெள்ளம் வரவழைக்கிறது. தித்திவங்சா மலைத்தொடரைத் தாண்டி வரும்போது அதன் ஈரம் பெரும்பகுதி தீர்ந்துவிடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்றைச் சுமத்ராவின் மலைகள் ஓரளவு தடுக்கின்றன. இரண்டு காற்றும் ஓய்ந்து மாறுகின்ற ஏப்ரல்-மே, செப்டம்பர்-நவம்பர் காலங்களில்தான் இங்கு மேகம் திரண்டு, பிற்பகலில் கொட்டுகிறது. சில நாள் விடியற்காலையில் சுமத்ரா பக்கத்திலிருந்து வரும் சூறைக்காற்றும் மழையைக் கொண்டுவந்து சேர்க்கும்.

நம்முடைய இரண்டு பெருநாள்களையும் இதோடு பொருத்திப் பாருங்கள். தீபாவளி மழைக்காலத்தின் உச்சியில் வருகிறது. மத்தாப்பு நனைவது பினாங்கில் புதிதல்ல. தைப்பூசமோ வறட்சியின் நடுவில். தண்ணீர்மலைக்குக் காவடியெடுத்து வெறுங்காலில் நடப்பவர்களின் பாதம் சுடாமல் இருக்கச் சாலையில் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறது. அந்த வறட்சியிலும் ஒரு நன்மை உண்டு. பாலிக் பூலாவ் டுரியான் மரங்கள் வாடிய பிறகே பூக்கும். ஜூன் மாதப் பழத்திற்கு பிப்ரவரி வெயில்தான் அச்சாரம்.

மழைக்காலத்திற்கு வேறொரு முகமும் இருக்கிறது. 2017 தீபாவளி அக்டோபர் 18-இல் வந்தது. மூன்றே நாளில் தஞ்சோங் பூங்காவில் கட்டுமானத் தளமொன்றில் மண் சரிந்து 11 தொழிலாளர்கள் மாண்டனர். நவம்பர் 4 இரவு தொடங்கிய அடைமழையிலும் காற்றிலும் மாநிலமே மூழ்கியது. ஏழு பேர் இறந்தனர். கொடிமலைச் சரிவுகள் பல இடங்களில் இடிந்தன, மலைச்சாலை அறுந்தது, இரயிலும் நின்றது.

மலை கருங்கல்தானே, எப்படிச் சரியும் என்று கேட்கலாம். கருங்கல்லும் வெயிலிலும் மழையிலும் காலப்போக்கில் மக்கி, மேலே தடித்த மண் போர்வையாகிவிடுகிறது. நாள் கணக்கில் நனையும்போது மண் துகள்களுக்கிடையே நீர் நிரம்பி, அவற்றின் பிடி தளர்கிறது. மரவேர்கள் இருக்கும்வரை ஓரளவு தாங்கும். வேரை அகற்றி, சரிவின் அடியை வெட்டிவிட்டால் தாங்குவதற்கு எதுவுமில்லை. இதனால்தான் பினாங்கில் 76 மீட்டருக்கு மேலுள்ள நிலமும் 25 பாகைக்கு மேல் சாய்ந்த நிலமும் மேம்பாட்டுக் கட்டுப்பாட்டுக்குள் வைக்கப்பட்டுள்ளன. விதி இருந்தும் விலக்குகள் பற்றிய சர்ச்சை ஓய்ந்தபாடில்லை. வீடு வாங்குவோர் கடல் தெரிகிறதா என்று பார்க்கிறார்கள். பின்புறச் சரிவில் வடிகால் இருக்கிறதா என்று எத்தனை பேர் பார்க்கிறார்கள்?

2021 செப்டம்பரில் கொடிமலையை யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. மலைமேல் உள்ள முருகன் கோயிலுக்குப் போக விரும்புவோர் ஜனவரி, பிப்ரவரியில் காலை இரயிலைப் பிடிப்பது நல்லது. மூட்டம் ஏறுவதற்கு முன்னால், கடலுக்கு அப்பால் கெடாவின் ஜெராய் மலை தெளிவாகத் தெரியும். அக்டோபரில் போவதானால் குடையோடு, பிற்பகலுக்குள் இறங்கிவிட வேண்டும்.