நிறுத்தும் இடம் அறிந்து எழுதுவோம்



குர்ஆன் ஓதும்போது எங்கே நிறுத்துவது, எங்கே சேர்த்து ஓதுவது என்பதை நம் பிள்ளைகள் மக்தபிலேயே கற்றுவிடுகிறார்கள். 'மீம்' இருந்தால் நிறுத்தியே ஆக வேண்டும். வசனத்தின் நடுவே 'லா' இருந்தால் நிறுத்தக் கூடாது. இக்குறியீடுகளை ஹிஜ்ரி 6-ஆம் நூற்றாண்டில் வகுத்தவர் இமாம் ஸஜாவந்தி (ரஹ்) அவர்கள்.

யாஸீன் சூராவின் 76-ஆம் வசனத்தில், நிராகரிப்போரின் பேச்சு நபி (ஸல்) அவர்களைக் கவலைப்படுத்த வேண்டாம் என்ற இடத்தில் 'மீம்' உண்டு. நிறுத்தாமல் சேர்த்து ஓதினால், அடுத்து வரும் அல்லாஹ்வின் கூற்று அந்த நிராகரிப்போரின் பேச்சைப் போல ஆகிவிடும். ஒரு நிறுத்தம், பேசுபவரையே மாற்றிவிடுகிறது!

இந்தக் கவனத்தை நம் பிள்ளைகள் ஆங்கிலத்திலும் காட்ட வேண்டும். 'தி ஸ்டூடன்ட்ஸ் ஹூ பாஸ்டு வில் கெட் ஸ்காலர்ஷிப்' என்று கமா இல்லாமல் எழுதினால், தேறியவர்களுக்கு மட்டுமே உதவித்தொகை. 'ஸ்டூடன்ட்ஸ்', 'பாஸ்டு' ஆகிய இரு சொற்களுக்குப் பின்னும் கமா போட்டால், எல்லா மாணவர்களும் தேறினார்கள், எல்லோருக்கும் தொகை உண்டு என்று பொருள். ஜமாஅத் அறிவிப்பில் இப்படி நேர்ந்தால் எத்தனை வீடுகளில் மனவருத்தம் வரும்?

நாம் அதிகம் காணும் பிழை, இரண்டு முழு வாக்கியங்களை வெறும் கமாவால் இணைப்பது. அங்கே முற்றுப்புள்ளி வைக்க வேண்டும். அல்லது 'அண்ட்', 'ஸோ' போன்ற இணைப்புச் சொல் சேர்க்க வேண்டும். 'இட் இஸ்' என்பதைச் சுருக்கி 'இட்ஸ்' என்று எழுதும்போது மேற்குறி உண்டு. 'அதனுடைய' என்ற பொருளில் வரும் 'இட்ஸ்'-க்கு மேற்குறி இல்லை.

அடுத்து, வர்ணனைச் சொற்கள். ஆங்கிலத்தில் இவற்றுக்கும் வரிசை உண்டு. நம் கருத்து முதலில். பிறகு அளவு, வயது, நிறம், கடைசியில் பொருள். 'எ பியூட்டிஃபுல் ஓல்டு ஸ்டோன் மஸ்ஜித்' என்பதே சரி. 'ஸ்டோன் ஓல்டு பியூட்டிஃபுல்' என்று யாரும் எழுத மாட்டார்கள்.

உதவித்தொகை விண்ணப்பத்தில் 'வெரி வெரி புவர்' என்று எழுதுவதால் படிப்பவருக்கு எதுவும் தெரியாது. தந்தை தினக்கூலி, ஒரே வருமானம், வீட்டில் ஐந்து பேர் என்று உள்ளதை எழுதினால் நிலைமை கண்முன் நிற்கும். விண்ணப்பமும் ஒரு சாட்சியம்தான். அதில் மிகைப்படுத்துவது பொய்யில் சேரும் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போம்.

தினமும் இஷாவுக்குப் பின் பத்து நிமிடம், பிள்ளை எழுதியதை அவனையோ அவளையோ விட்டே உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். மூச்சு தடுமாறும் இடத்தில் குறி தவறியிருக்கிறதா என்று பாருங்கள்.

நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியை அல்லாஹ் வழங்குவானாக! ஆமீன்.