புத்தகத்தை மூடிவிட்டு வரையட்டும்

"என் பிள்ளைக்குப் படமாகப் பார்த்தால்தான் மண்டையில் ஏறும்" என்று சொல்லாத பெற்றோர் குறைவு. கண்வழி கற்பவர், காதுவழி கற்பவர், செய்து கற்பவர் என்று பிள்ளைகளை வகை பிரிக்கும் பேச்சு பள்ளிகளில் வேரூன்றிவிட்டது. இதற்கு ஆதாரம் உண்டா என்று 2008-இல் ஹெரால்ட் பாஷ்லர் உள்ளிட்ட நான்கு அமெரிக்க உளவியலாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளைச் சலித்துப் பார்த்தார்கள். பிள்ளைக்குப் பிள்ளை விருப்பம் வேறுபடுவது உண்மைதான். ஆனால் அந்த விருப்பத்துக்கேற்பப் பாடம் நடத்தினால் கூடுதலாகக் கற்கிறார்கள் என்பதற்குப் போதிய சான்று கிடைக்கவில்லை. அதற்காகப் படமே வேண்டாம் என்று முடிவுகட்டுவதும் பிழை. ஒரு செய்தி சொல்லாகவும் படமாகவும் மனத்தில் பதிந்தால், அதை நினைவுக்குக் கொண்டுவர இரண்டு வழிகள் கிடைக்கும் என்று கனடாவின் ஆலன் பைவியோ 1970-களிலேயே விளக்கியிருக்கிறார். இது எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்தும். எனவே எந்தப் பிள்ளை எந்த வகை என்று தேடுவதைவிட, படத்தை எப்படிக் கையாள வேண்டும் என்று கேட்பதே உருப்படியானது.

அமெரிக்காவில் ஜெஃப்ரி கார்பிக், ஜேனல் பிளண்ட் இருவரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே கைகொடுக்கிறது. கல்லூரி மாணவர்களில் ஒரு பிரிவினர் பாடத்தைப் பார்த்துக்கொண்டே, கருத்துகளைக் கட்டங்களாக்கிக் கோடுகளால் இணைக்கும் கருத்து வரைபடம் போட்டார்கள். இன்னொரு பிரிவினர் பாடத்தை எடுத்து வைத்துவிட்டு, நினைவில் இருந்ததை எழுதினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் நினைவிலிருந்து எழுதியவர்களே முந்தினார்கள். தேர்வில் கருத்து வரைபடமே போடச் சொன்னபோதும் அவர்களே முந்தினார்கள்! அதே இருவர் 2014-இல் வரைபடத்தையும் பாடத்தைப் பார்க்காமல் போட வைத்தார்கள். அப்போது அது, நினைவிலிருந்து எழுதுவதற்கு இணையான பலனைத் தந்தது. ஆக, படம் வேலை செய்ய வேண்டுமானால் புத்தகம் மூடியிருக்க வேண்டும்.

உதாரணமாக, மதுரை மாவட்டத்தில் மேலூர்ப் பக்கத்துத் திருவாதவூர்ப் பிள்ளைக்கு இதைப் பழக ஊருக்குப் பக்கத்திலேயே பாடம் ஓடுகிறது. 1895-இல் கட்டி முடித்த பெரியாறு அணை, மேற்கே போகும் நீரைச் சுரங்கவழியே கிழக்கே திருப்புகிறது. அந்த நீர் கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கி வைகையில் கலந்து, வைகை அணையையும் கடந்து பேரணைக்கு வருகிறது. அங்கே பெரியாறு பிரதானக் கால்வாயில் திரும்பி, கள்ளந்திரி தாண்டி மேலூர்ப் பக்கத்துக் கண்மாய்களுக்குப் போய், மடை வழியே வயலுக்குப் பாய்கிறது. பத்தியாகப் படித்தால் இந்தப் பெயர்கள் ஒன்றோடொன்று குழம்பும். தாளில் ஒரே கோடாக இழுத்தால் வரிசை பிடிபடும். கள்ளந்திரி வரை இருபோகம், மேலூருக்கு ஒருபோகம் என்ற ஏற்பாடு ஏன் என்ற கேள்வியும் அந்தக் கோட்டைப் பார்த்ததும் எழும். பார்க்காமல் வரையும் பிள்ளைக்கு, கால்வாய் எந்த இடத்தில் பிரிகிறது என்று தெரியாமல் பென்சில் நிற்கும். அப்படி நிற்கும் இடம்தான் மறுபடி படிக்க வேண்டிய இடம். ஊர் மலையில் இருக்கும் தமிழிக் கல்வெட்டின் எழுத்துகளுக்கும் இது பொருந்தும். கூட்டல் குறி போல இருக்கும் 'க'வை ஒரு முறை கையால் போட்டவர் மறக்கமாட்டார்.

கவலையெல்லாம், படம் இப்போது ஆயத்தமாகவே கைக்கு வந்துவிடுகிறது என்பதுதான். 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் கியூஆர் கோடு இருக்கிறது. 2019-இல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. இரண்டும் நல்ல முயற்சிகள். இதய வால்வு திறந்து மூடுவதைக் கரும்பலகையைவிடக் காணொளி தெளிவாகக் காட்டும் என்பதை மறுக்க முடியாது. ஆனால் தெளிவாகப் பார்த்ததும் "தெரிந்துவிட்டது" என்ற நிறைவு வருகிறதே, அது பொல்லாதது. பிள்ளை தானாக எதையும் நினைவுகூரவில்லை, கை அசையவில்லை. டிரேசிங் தாளில் நகலெடுத்த வரைபடம், வீட்டில் அக்கா வரைந்து கொடுத்த ரெக்கார்டு நோட்டு, கடையில் வாங்கி ஒட்டிய படம், பக்கம் முழுக்க மஞ்சள் பூசிய ஹைலைட்டர் என்று எல்லாமே இந்த ஏமாற்றத்தின் வெவ்வேறு உருவங்கள். அடிக்கோடிடுவது பலன் குறைந்த முறை என்று 2013-இல் ஜான் டன்லாஸ்கி குழுவினர் ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்ன பிறகும் ஹைலைட்டர் இல்லாத பென்சில் பெட்டி அபூர்வமாகத்தான் இருக்கிறது.

வரையவே வராத பிள்ளை என்ன செய்யும் என்று கேட்கலாம். அம்புக்குறியும் கட்டமும் பெயரும் போதும். அழகுக்கு இங்கே வேலை இல்லை. தேர்வு நெருக்கத்தில் நேரம் ஏது என்பது இன்னும் நியாயமான கேள்வி. ஒரு படத்துக்கு ஐந்து நிமிடம், பிறகு புத்தகத்தைத் திறந்து விடுபட்டதைச் சிவப்பில் சேர்க்க இரண்டு நிமிடம். சில நாள் கழித்து வெற்றுத்தாளில் இன்னொரு முறை. நாலு தடவை வாசிப்பதற்கு ஆகும் நேரம்கூட இதற்கு ஆகாது. பள்ளிகளும் மனது வைக்கலாம். வீட்டில் யார் யாரோ வரைந்து வரும் ரெக்கார்டு நோட்டுக்குப் போடும் மதிப்பெண்ணில் ஒரு பங்கை, வகுப்பிலேயே புத்தகத்தை மூடிவைத்துப் பிள்ளை வரையும் கோணல்மாணலான படத்துக்குப் போட்டால் போதும்.