பொறியியல் பட்டம் மட்டும் போதாது: பாறசாலை, நெய்யாற்றங்கரை எல்லைப் பகுதியில் பொறியாளர் உரிமம் பெறுவது எப்படி?

பாறசாலை: கேரள-தமிழ்நாடு எல்லையில் உள்ள பாறசாலை, காரோடு, செங்கல், குளத்தூர் ஊராட்சிகளிலும் நெய்யாற்றங்கரை நகராட்சியிலும் கட்டட வரைபடம் தயாரித்து அனுமதி பெற்றுத் தரும் தொழிலில் ஈடுபட, பொறியியல் பட்டத்துடன் கேரள உள்ளாட்சித் துறையின் தொழில்முறைப் பதிவும் அவசியமாகும். இந்தப் பதிவு மாநில எல்லை வரை மட்டுமே செல்லும். அடுத்த ஊரான களியக்காவிளையில் உள்ள மனைக்கு வரைபடத்தில் கையெழுத்திட, தமிழ்நாட்டில் தனியாகப் பதிவு செய்ய வேண்டும்.

தேசிய அளவில் உரிமம் உண்டா?

கட்டடக் கலைஞர்களுக்கு 1972-ஆம் ஆண்டின் கட்டடக் கலைஞர்கள் சட்டம் உள்ளது. அதன்படி அமைக்கப்பட்ட கட்டடக்கலை கவுன்சிலில் பதிவு செய்தவர்கள் மட்டுமே 'ஆர்க்கிடெக்ட்' என்ற பெயரைப் பயன்படுத்தலாம். பொறியாளர்களுக்கு இத்தகைய நாடு தழுவிய உரிமச் சட்டம் நடைமுறையில் இல்லை. எனவே கட்டட அனுமதி வரைபடங்களில் யார் கையெழுத்திடலாம் என்பதை மாநிலங்களின் கட்டட விதிகளே தீர்மானிக்கின்றன.

எந்த விதிகள் பொருந்தும்?

ஊராட்சியான பாறசாலைக்கு 2019-ஆம் ஆண்டின் கேரள பஞ்சாயத்து கட்டட விதிகள் பொருந்தும். நகராட்சியான நெய்யாற்றங்கரைக்கு அதே ஆண்டின் கேரள நகராட்சிக் கட்டட விதிகள் பொருந்தும். பொறியாளர், கட்டட வடிவமைப்பாளர், மேற்பார்வையாளர், நகரமைப்பாளர், நிறுவனம் எனத் தொழில்முறையாளர்கள் வகைப்படுத்தப்பட்டுள்ளனர். பொறியாளர்களில் 'ஏ', 'பி' என்ற பிரிவுகளும் உண்டு. கல்வித் தகுதி, பணி அனுபவம் ஆகியவற்றைப் பொறுத்து வகை அமையும். எவ்வளவு பெரிய கட்டடத்திற்குக் கையெழுத்திடலாம் என்பது அந்த வகையைப் பொறுத்தது. ஆகவே விண்ணப்பிக்கும் முன், தாம் செய்ய விரும்பும் பணிக்கு எந்த வகை தேவை என்பதை அறிந்துகொள்வது நல்லது.

பொறுப்பு கூடியது எப்படி?

குறைந்த ஆபத்துள்ள கட்டடங்களுக்குச் சுயசான்று முறையில் அனுமதி வழங்கும் திருத்தத்தைக் கேரளம் 2021-இல் கொண்டு வந்தது. இரண்டு தளங்களுக்கு மிகாமல், 7 மீட்டர் உயரத்திற்கும் 300 சதுர மீட்டர் (சுமார் 3,229 சதுர அடி) பரப்பிற்கும் உட்பட்ட வீடுகள் அப்போது இதில் அடங்கின. விதிகள் பின்பற்றப்பட்டுள்ளன என்று வீட்டு உரிமையாளரும் உள்ளாட்சியின் பட்டியலில் இடம்பெற்ற உரிமதாரரும் சான்றளித்தால், அதன் அடிப்படையில் அனுமதி கிடைக்கும்.

முன்பு அதிகாரி சரிபார்த்தவற்றில் பலவற்றுக்கு இப்போது உரிமதாரரே பொறுப்பேற்கிறார். தவறான சான்று அளித்தால் அபராதத்துடன் உரிமத்தையும் இழக்க நேரிடும். உரிமம் இல்லாதவர் வரைந்த வரைபடத்தில் மற்றொருவர் 'கையெழுத்து மட்டும்' இட்டுத் தரும் பழக்கத்தின் ஆபத்து இங்குதான் உள்ளது. மனையைப் பார்க்காமல் கையெழுத்திட்டவரே சட்டத்தின் முன் பதில் சொல்ல வேண்டியவர். சாலை எல்லையிலிருந்து விட வேண்டிய இடைவெளியில் பிழை இருந்தால், வீட்டு எண் கிடைக்காமல் அல்லலுறுவது வீட்டு உரிமையாளர்.

விண்ணப்பங்களுக்கான 'கே-ஸ்மார்ட்' இணையத் தளம் 2024 ஜனவரி 1 அன்று நகர்ப்புற உள்ளாட்சிகளில் நடைமுறைக்கு வந்தது. 2025 ஏப்ரலில் ஊராட்சிகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டது.

அலுவலகம் தொடங்க வேறு என்ன தேவை?

தொழில்முறைப் பதிவும் வணிகப் பதிவும் வெவ்வேறானவை. சிறு, குறு நிறுவனங்களுக்கான 'உத்யம்' பதிவைக் கட்டணமின்றிப் பெறலாம். ஊழியர்களை அமர்த்தி அலுவலகம் நடத்துவோர், 1960-ஆம் ஆண்டின் கேரள கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டத்தின்கீழ் பதிவு செய்வது குறித்துத் தொழிலாளர் துறையை அணுக வேண்டும். உள்ளாட்சிக்குத் தொழில் வரியும் செலுத்த வேண்டும். அரசமைப்புச் சட்டத்தின் 276-ஆவது பிரிவின்படி, தொழில் வரி ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்டக் கூடாது.

உத்யம் சான்றிதழோ ஜிஎஸ்டி எண்ணோ இருப்பதால் மட்டும் கட்டட வரைபடத்தில் கையெழுத்திடும் தகுதி கிடைத்துவிடாது.

எல்லைக்கு அப்பால் பணி செய்தால்?

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றங்கரை வட்டம் கேரளத்தில் நீடித்தது. உறவும் வணிகமும் எல்லையின் இருபுறமும் தொடர்ந்தாலும், கட்டட விதிகள் வேறாகிவிட்டன.

களியக்காவிளை, குழித்துறை பகுதிகளில் 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் பொருந்தும். தமிழ்நாட்டிலும் 2024 ஜூலை 22 முதல் சுயசான்று முறை உள்ளது. ஆனால் அளவுகோல் வேறு: 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரையிலான வீட்டுக்கு அது பொருந்தும். இரு மாநிலங்களிலும் பணியாற்ற விரும்பும் பொறியாளர் இரு பதிவுகளையும் பெற வேண்டும்.

வரியிலும் வேறுபாடு உண்டு. நிலம், கட்டடம் தொடர்பான சேவைக்கு அந்தச் சொத்து அமைந்துள்ள இடமே சேவை வழங்கப்பட்ட இடமாகக் கருதப்படும். ஜிஎஸ்டி பதிவு பெற்ற பாறசாலைப் பொறியாளர் களியக்காவிளை வீட்டுக்கு வரைபடம் தயாரித்தால், 18 சதவீத ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி விதிக்க வேண்டும். மொத்த ஆண்டு வருவாய் 20 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால், வெளிமாநிலத்திற்குச் சேவை அளித்தாலும் பதிவு கட்டாயமில்லை. இந்தச் சலுகை 2017 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது.

தமிழில் விண்ணப்பிக்கலாமா?

கேரள ஆட்சிமொழிச் சட்டம், 1969-இன்படி தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துடனும் துறைத் தலைவர்களுடனும் தமிழில் கடிதத் தொடர்பு கொள்ளலாம். மொழிச் சிறுபான்மைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள மாநில அரசு அலுவலகங்களுக்கும் இது பொருந்தும். பதிலும் தமிழிலேயே தரப்பட வேண்டும்.

வீடு கட்டுவோர் முன்பணம் தருவதற்கு முன், பொறியாளரின் பதிவு எண், அதன் வகை, செல்லுபடியாகும் காலம், அது எந்த மாநிலத்துக்கு உரியது ஆகிய நான்கையும் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.