டிஏசி திரும்பி வரும் முன்னே எழுதி வைப்பது

என் டிஏசியை அப்கிரேடுக்கு அனுப்பி ஏழு வாரம் ஆகிறது. இன்னும் வரவில்லை. வந்த பிறகு கேட்டுப் பார்த்து எழுதுவதுதான் வழக்கம். நான் வருவதற்கு முன்னாலேயே எழுதுகிறேன். காரணம் இருக்கு. பெட்டி வந்து இறங்குகிற அன்றைக்கு நான் நடுநிலையான ஆளாக இருக்க மாட்டேன். ஒரு நல்ல தஞ்சாவூர் வீணை வாங்கும் அளவுக்குக் காசு கட்டி, இரண்டு மாசம் காத்திருந்துவிட்டு, "ஒண்ணும் மாறலை" என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? அதனால் எதைச் சோதிப்பேன், எது கிடைத்தால் "மாறியிருக்கு" என்று ஒத்துக்கொள்வேன் என்பதை இப்போதே எழுதி வைத்துவிடுகிறேன்.

புதிதாக வருபவர்களுக்கு இரண்டு வரி. டிஏசி என்பது எண்களை மின் அலையாக மாற்றும் கருவி. ஒரு சிடியில், ஒரு சேனலுக்கு, நொடிக்கு 44,100 எண்கள் இருக்கும். ஒவ்வொரு எண்ணும் 65,536 படிகளில் ஒன்று. இந்த எண்களைச் சரியான நேரத்தில், சரியான அளவில் மின்னழுத்தமாக மாற்றி ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுப்பதுதான் அதன் வேலை. உங்கள் போனுக்குள்ளும் ஒன்று இருக்கு. விலை உயர்ந்தவற்றில் அதே வேலையைச் செய்ய ஒரு தனிப் பெட்டியே இருக்கு, அவ்வளவுதான்.

அந்தப் பெட்டிக்குள் அப்கிரேடு செய்யக்கூடிய இடங்கள் நாலு. முதலாவது பவர் சப்ளை. இரண்டாவது, எந்த நொடியில் எந்த எண் என்று தாளம் போடும் கடிகாரம். மூன்றாவது, எண்ணை மின்னழுத்தமாக்கும் பகுதியும் அதற்கு முன்னால் இருக்கும் டிஜிட்டல் ஃபில்டரும். நாலாவது, கடைசியில் இருக்கும் அனலாக் அவுட்புட்.

இதில் ஃபில்டர் மாதிரியான சமாச்சாரம் சாஃப்ட்வேர் என்றால் பெட்டி வீட்டை விட்டுக் கிளம்பவே வேண்டாம். அமெரிக்காவின் பிஎஸ் ஆடியோ 2014இல் கொண்டுவந்த டைரக்ட்ஸ்ட்ரீம் இதற்கு நல்ல உதாரணம். அதில் எல்லாக் கணக்கையும் எஃப்பிஜிஏ என்ற, திரும்பத் திரும்ப எழுதக்கூடிய சிப் ஒன்று செய்தது. புது சாஃப்ட்வேர் வரும்போதெல்லாம் கொலராடோ மலைச் சிகரம் ஒன்றின் பெயரை வைத்தார்கள். டவுன்லோடு செய்து ஏற்றினால் முடிந்தது. ஆனால் ஹார்டுவேர் அப்படி இல்லை. இங்கிலாந்தின் டிசிஎஸ் 2022இல் அபெக்ஸ் என்ற மாற்றத்தை அறிவித்தபோது, பழைய விவால்டி, ரோசினி வைத்திருந்தவர்கள் பெட்டியை அனுப்பி உள்ளே போர்டை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. என்னுடையதும் (வேறு கம்பெனிப் பெட்டி) இந்த இரண்டாவது வகைதான்.

பிரச்சினை இங்கேதான் ஆரம்பிக்கிறது. பெட்டி போய்விட்டால் ஒப்பிட எதுவும் மிச்சமில்லை. முன்னாடி எப்படிக் கேட்டது என்பது நினைவில் மட்டும்தான் இருக்கு. ஒலியின் நுணுக்கத்தை அப்படியே பிடித்து வைக்கும் நினைவு மனிதர்களுக்குச் சில நொடிகள்தான் தங்கும். ஏழு வாரத்துக்குப் பிறகு எஞ்சியிருப்பது "அப்போ கொஞ்சம் கூர்மையா இருந்துச்சு" என்ற வார்த்தை. ஒலி போய்விட்டது.

தஞ்சாவூர்க்காரர்களுக்கு இதைப் புரியவைக்க வீணையே போதும். வீணையின் 24 மெட்டுகளும் மெழுகும் கரியும் கலந்த கலவையில் பதிக்கப்பட்டிருக்கும். நம்ம ஊர் வெயிலில், வருஷக்கணக்கில் வாசிக்க வாசிக்க, மெழுகு இளகி மெட்டுகள் இடம் மாறும். அப்போது வீணையை அனுப்பி மறுபடி மேளம் கட்டி வாங்குவார்கள். அனுப்பிவிட்டுக் காத்திருப்பது இந்த ஊருக்குப் புதுசு இல்லை. ஆனால் மேளம் கட்டுகிறவர் "போன தடவை இந்த ரிஷபம் இப்படித்தான் இருந்தது" என்று ஞாபகத்திலிருந்து மெட்டை வைப்பதில்லை. சுருதியை ஒலிக்கவிட்டு, அதோடு சேர்த்துக் கேட்டுத்தான் ஒவ்வொரு மெட்டையும் நிறுத்துகிறார். ஒரு தந்தி நொடிக்கு 146 தடவையும் இன்னொன்று 147 தடவையும் அதிர்ந்தால், இரண்டும் சேரும்போது நொடிக்கு ஒரு அலை எழும்பி அடங்கும். அந்த அசைவைச் சின்னப் பிள்ளைகூடக் கேட்டுவிடும். அதே இரண்டு தந்தியை ஒரு வாரம் இடைவெளி விட்டுத் தனித்தனியாக மீட்டினால், பெரிய வித்வானுக்கும் சொல்வது கஷ்டம். காது அதேதான். பக்கத்தில் தம்புரா இருக்கிறதா இல்லையா என்பதுதான் வித்தியாசம்.

ஆக, டிஏசிக்கும் ஒரு தம்புரா வேண்டும். அதைப் பெட்டியை அனுப்புவதற்கு முன்னாலேயே செய்துவைக்க வேண்டும்.

நான் செய்தது இது. டிஏசியின் அவுட்புட்டை ஒரு நல்ல யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸில் கொடுத்து, அதன் ஏடிசி வழியாக 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்தேன். ஒரு 1 கிலோஹெர்ட்ஸ் டோன், கொஞ்சம் நிசப்தம், பிறகு நாலு இசைத் துண்டுகள். எல்லாவற்றையும் இரண்டு வெவ்வேறு நாளில், அதே கேபிள், அதே லெவல், அதே நேரத்தில் எடுத்தேன். நேரமும் முக்கியம். சுற்றுவட்டாரத்தில் பம்புசெட் ஓடுகிற நேரத்தில் வோல்டேஜ் ஒரு மாதிரி, ராத்திரி பதினோரு மணிக்கு வேறு மாதிரி. முன்பதிவு ஒரு நேரத்திலும் பின்பதிவு வேறு நேரத்திலும் எடுத்தால், மின்சாரத்தில் வந்த மாற்றத்தை அப்கிரேடின் கணக்கில் எழுதிவிடுவோம்.

இரண்டு நாள் எதற்கு? அதுதான் என் அளவுகோல். பெட்டியில் எதுவுமே மாறாதபோதும் இரண்டு பதிவுகளுக்கு நடுவே கொஞ்சம் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். அந்த அளவைத் தாண்டினால்தான் அப்கிரேடு எதையோ செய்திருக்கிறது என்று சொல்ல முடியும்.

பெட்டி வந்ததும் அதே பதிவை மறுபடி எடுத்து, பழையதிலிருந்து புதியதைக் கழிப்பேன். இரண்டும் ஒன்றே என்றால் மிச்சம் நிசப்தம். சொல்ல சுலபம், செய்யும்போது இரண்டு சிக்கல். ஒன்று, கடிகாரங்கள். டிஏசியும் ஏடிசியும் தனித்தனிக் கடிகாரத்தில் ஓடுகின்றன. பத்து லட்சத்தில் 10 பங்கு வித்தியாசம் இருந்தாலே மூன்று நிமிடத்தில் 1.8 மில்லிநொடி நழுவிவிடும். டெல்டாவேவ் என்ற இலவச மென்பொருள் இந்த நழுவலைச் சரிசெய்து கொடுக்கும். இரண்டாவது, சத்த அளவு. வெறும் 0.1 டெசிபல் ஏற்றத்தாழ்வு இருந்தாலே, மிச்சம் மைனஸ் 39 டெசிபலுக்குக் கீழே இறங்காது. முதலில் லெவலைச் சமப்படுத்தாமல் செய்கிற கழித்தல் எல்லாம் லெவல் வித்தியாசத்தை மட்டும்தான் காட்டும்.

இதே லெவல்தான் காதையும் ஏமாற்றும். அரை டெசிபல் கூடினால் "சத்தம் கூடியிருக்கு" என்று தோன்றாது. "தெளிவா இருக்கு, உயிரோட்டம் இருக்கு" என்றுதான் தோன்றும். அனலாக் அவுட்புட்டை மாற்றும் அப்கிரேடில் வெளிவரும் மின்னழுத்தம் கொஞ்சம் கூடிப் போவது சாதாரணம். சமப்படுத்தாமல் கேட்டால் அப்கிரேடு எப்போதும் ஜெயிக்கும்.

அடுத்தது காது. பழைய பதிவும் புதிய பதிவும் கையில் இருப்பதால், எது எதுவென்று தெரியாமல் மாற்றி மாற்றிக் கேட்கலாம். ஃபூபார்2000இல் ஏபிஎக்ஸ் சோதனைக்குத் தனிக் கருவி இருக்கு. 16 தடவை கேட்டு 12 அல்லது அதற்கு மேல் சரியாகச் சொன்னால், அது குருட்டு அதிர்ஷ்டமாக இருக்கும் வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் குறைவு. அதை நான் ஏற்றுக்கொள்வேன். 9, 10 என்று வந்தால் நாணயம் சுண்டியதற்குச் சமம்.

இந்த வழியில் வெளியே என்ன கிடைத்திருக்கு என்று பார்த்தால் எதிர்பார்ப்பு தானாகவே அடங்கும். 2007இல் மேயர், மொரான் இருவரும் ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டி இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். உயர்தர எஸ்ஏசிடி, டிவிடி ஆடியோ ஒலியை அப்படியே ஒரு தடவையும், சிடி தரத்துக்கு இறக்கி ஒரு தடவையும் கேட்கவைத்தார்கள். 554 முயற்சியில் சரியான பதில் 276. பாதிக்கும் ஒன்று குறைவு. 2016இல் ஜோஷுவா ரைஸ் 18 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது 52.3 சதவீதம் வந்தது. பயிற்சி பெற்றவர்களிடம் இன்னும் கூடுதல். ஆக, வித்தியாசமே கேட்காது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் "இரவுக்கும் பகலுக்கும் உள்ள வித்தியாசம்" என்று விமர்சனங்களில் எழுதுகிறார்களே, அதுவும் கிடையாது.

இங்கே ஒரு எதிர்வாதம் வரும்: "உன் ஏடிசி டிஏசியை விடச் சாதாரணமானது. அது பிடிக்காத நுணுக்கம் இருக்கலாமே?" நியாயமான கேள்வி. ஏடிசியின் சொந்த இரைச்சலுக்குக் கீழே இருப்பதை என் சோதனை காட்டாது. ஆனால் அந்த இடம் எவ்வளவு கீழே என்று பாருங்கள். என் அறையில் ஃபேன் ஓடும்போது சுமார் 40 டெசிபல் இரைச்சல். சித்திரை மாசம் தஞ்சாவூரில் ஃபேனை நிறுத்திவிட்டுப் பாட்டுக் கேட்கிற வைராக்கியம் எனக்கில்லை. பாட்டின் உச்சம் 90 என்று வைத்தால் நடுவே 50 டெசிபல்தான் இடம். ஃபேன் இரைச்சலுக்குச் சற்றுக் கீழே வரை காது துழாவும், ஒத்துக்கொள்கிறேன். ஏடிசி தவறவிடுவதோ அதற்கும் இன்னும் 40 டெசிபலுக்கு மேல் கீழே இருக்கு.

இன்னொன்று, நான் அதிகம் கேட்பது எது என்பது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி 78 ஆர்பிஎம் தட்டிலிருந்து எடுத்த பதிவில், தட்டின் உராய்வு இரைச்சல் பாட்டுக்கு 40 டெசிபல் கீழே நின்றாலே பெரிய விஷயம். அந்த இரைச்சலையும் சேர்த்து உண்மையாகக் கொடுப்பதுதான் டிஏசியின் கடமை. பழைய தட்டில் இல்லாததை எந்த அப்கிரேடும் கொண்டுவராது. அதனால் நாலு சோதனைத் துண்டில் இது ஒன்று. மற்ற மூன்றும் இரைச்சல் குறைந்த புதிய டிஜிட்டல் பதிவுகள்: ஒரு வீணை, ஒரு தனித் தம்புரா, ஒரு தவில். மாற்றம் என்று ஒன்று இருந்தால் தம்புராவின் மெல்ல மங்கும் கார்வையிலோ, தவிலின் திடீர் அடியிலோதான் முதலில் தெரிய வேண்டும்.

"200 மணி நேரம் ஓடினால்தான் பழகும்" என்று சொல்வார்கள். சரி, முதல் நாள் ஒரு பதிவு, 200 மணி நேரத்துக்குப் பிறகு ஒரு பதிவு. பழகுவது பெட்டியா, நானா என்று அதிலேயே தெரிந்துவிடும்.

என் தீர்ப்பு முறை இதுதான். அளவில் மாற்றம், காதிலும் 12க்கு மேல்: காசு வீண் போகவில்லை. அளவில் மாற்றம், காதில் இல்லை: பொறியாளர் நல்ல வேலை செய்திருக்கிறார், ஆனால் எனக்காக இல்லை. இரண்டிலும் இல்லை: அதையும் இங்கேயே எழுதுவேன்.

நீங்களும் பெட்டியை அனுப்பப் போகிறீர்கள் என்றால் ஒன்றே ஒன்று. அட்டைப்பெட்டியில் தெர்மாகோல் வைப்பதற்கு முன்னால் ஒரு மணி நேரம் ஒதுக்கிப் பதிவு செய்துவிடுங்கள். மற்ற எல்லாவற்றையும் பிறகு செய்துகொள்ளலாம். இதை மட்டும் பிறகு செய்ய முடியாது. பழைய போர்டு திரும்பி வராது.