தலைவன் இல்லாத ஊரில் பொய் முகங்கள்

பெங்களூர் கோரமங்களாவில் ஒரு மாணவர் லேப்டாப்பை மூடுகிறார். ஜெயநகரில் மின்சாரம் போகிறது. ஒயிட்ஃபீல்டில் புதிதாக ஒருவர் இணைகிறார். நடுவே சர்வர் எதுவும் இல்லாமல், இப்படி வருவதும் போவதுமாக இருக்கும் லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்களை நம்பி ஒரு கோப்பைப் பத்திரமாக வைக்க முடியுமா?

முடியும் என்று காட்டியவர்களில் ஒருவர், சென்னை ஐ.ஐ.டி.யில் 1993-ல் பட்டம் பெற்று அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பேராசிரியரான ஹரி பாலகிருஷ்ணன். வலையமைப்புத் துறையில் ஆற்றிய பணிகளுக்காக பெங்களூரின் இன்ஃபோசிஸ் அறிவியல் அறக்கட்டளை 2020-ல் அவருக்குப் பரிசளித்தது.

2001-ல் அவரும் நான்கு சகாக்களும் வெளியிட்ட 'கார்ட்' முறையில் எல்லாக் கம்ப்யூட்டர்களும் கற்பனை வட்டம் ஒன்றில் கைகோத்து நிற்கின்றன. அடுத்து நிற்பவரையும், பாதி வட்டம், கால் வட்டம், அரைக்கால் வட்டம் என்று தள்ளி நிற்கும் சிலரையும் அறிந்தால் போதும். பத்து லட்சம் பேர் இருந்தாலும் சுமார் 20 தாவலில் தேடியது கிடைக்கும். அடுத்தவர் திடீரென்று மறைந்தால்? அதற்காகவே அவருக்குப் பின்னால் நிற்கும் பலரின் பட்டியலும் கையில் இருக்கும். இந்த ஒட்டுவேலை அசல் வடிவில் சில வேளை வட்டத்தையே உடைத்துவிடும் என்று 2012-ல் பமேலா ஜேவ் காட்டினார். பிறகு திருத்திய வடிவத்தையும் தந்தார்.

போகிறவரைச் சமாளிப்பது ஒன்று. பொய் சொல்கிறவரைச் சமாளிப்பது வேறு. ஒரே ஆள் ஆயிரம் பெயர்களில் நுழையலாம் என்று 2002-ல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் ஜான் டூசர் எச்சரித்தார். இதற்கு 'சிபில் தாக்குதல்' என்று பெயர். அதே ஆண்டில் மிகேல் காஸ்ட்ரோவும் சகாக்களும் மருந்து சொன்னார்கள்: செய்தியைப் பல பாதைகளில் அனுப்புங்கள், அடையாள எண்ணை நம்பகமான ஓர் அமைப்பு சான்றிதழுடன் கொடுக்கட்டும். நான்கில் ஒரு பங்கு கம்ப்யூட்டர்கள் துரோகம் செய்தாலும் தாங்கலாம் என்பது அவர்கள் கணக்கு.

வேடிக்கைதான். தலைவனே வேண்டாம் என்று கட்டிய ஊருக்கு அடையாள அட்டை கொடுக்க ஓர் அதிகாரி! 2009-ல் வந்த பிட்காயின் அந்த அதிகாரியைத் தவிர்த்தது. அது பெயர்களை எண்ணவில்லை, கம்ப்யூட்டர்கள் செய்த வேலையை எண்ணியது. அதற்கு விலை, எரிந்து தீரும் மின்சாரம்.

ஒரு ஆளுக்கு ஒரே எண் என்ற இதே சிக்கலுக்குக் கைரேகையும் கருவிழியும் கேட்கிறது ஆதார். அதன் தொழில்நுட்ப மையம் இருப்பதும் பெங்களூரில்தான். அடையாளத்தைக் கொடுப்பதா, மின்சாரத்தைக் கொடுப்பதா? யாரையும் நம்பாமல் இருப்பதற்கும் விலை உண்டு.